இருட்டில் பார்த்த இரும்பு

முதல் ஆறு மாதம் எனக்குக் கிடைத்தது சல்லடையும் மண்வெட்டியும்தான். ஐடிஐயில் பவுண்டரிமேன் தொழில் படித்து முடித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் செருகிக்கொண்டு 1984-ல் கோவை கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் போய் நின்றேன். எடுத்த எடுப்பில் மோல்டர் ஆக்கிவிடுவார்கள் என்று நினைப்பு. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். சான்றிதழைப் பார்க்கவில்லை. "செருப்பக் கழட்டீட்டு வா கண்ணு, மண்ணு சலிக்கோணும்" என்றார்.

சலித்தேன். முந்தின ஊத்தில் வெந்து கறுத்த மண், அதில் புது மணல், பிடிப்புக்குப் பென்டோனைட், கொஞ்சம் கரித்தூள், தண்ணீர். மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிப் போடவேண்டும். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் மேஸ்திரி பதில் சொல்லமாட்டார். ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்குவார், கையை விரிப்பார், என் முகத்துக்கு நேரே நீட்டுவார். அதில் அவருடைய விரல் வரிகள் அச்சடித்த மாதிரி இருக்கும். இரண்டாகப் பிட்டால் ஓரம் கூராக முறியும். நான் பிடித்த பிடி பொலபொலவென்று உதிரும், அல்லது கொழுக்கட்டை மாவுபோல உள்ளங்கையில் ஒட்டும். ஒட்டினால் தலையில் ஒரு குட்டு. உதிர்ந்தால் குட்டு கிடையாது, "ம்ஹும்" மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. உதிர்கிற மண்ணால் அச்சு கெடும், பெட்டி வீணாகும். ஈரம் கூடின மண்ணிலோ உருகின இரும்பு பட்டதும் தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்குமேல் விரியும். காஸ்டிங் முழுக்க ஓட்டை விழும். நேரம் சரியில்லை என்றால் இரும்பு பெட்டிக்கு வெளியே சீறி ஆளைச் சுடும். என் இடது புறங்காலில் ஓர் எட்டணா அளவு தழும்பு இன்றும் இருக்கிறது. அது நான் புரட்டிய மண்தான்.

பல வருடம் கழித்து மண் சோதிக்கும் கருவிகள் வந்தன. மேஸ்திரி கையால் பிடித்த மண்ணைப் போட்டுப் பார்த்தால் ஈரம் நூற்றுக்கு மூன்றரை, மூன்றே முக்கால் என்று காட்டும். மனிதர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்.

நாங்கள் வார்த்ததெல்லாம் பம்பு உறுப்புகள். கொங்குச் சீமையில் கிணறு ஆழம், மழை குறைவு. மாடு கட்டிக் கவலை இறைத்த காட்டில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மோட்டார் இறங்கியது. 1937-லேயே இந்த ஊர் சொந்தமாக மின்மோட்டார் செய்துவிட்டது, ஜி.டி. நாயுடுவின் பெயர் அதனோடு சேர்ந்தே சொல்லப்படும். மோட்டார் இருந்தால் பம்பு வேண்டும், பம்புக்கு வார்ப்பு இரும்பு வேண்டும். இப்படித்தான் பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி, சிங்காநல்லூர் என்று சந்துக்குச் சந்து ஒரு புகைபோக்கி முளைத்தது. அப்படி முளைத்ததில் ஒன்றின் அடியில்தான் நான் சலித்துக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஊத்து. காலையிலேயே கியூபோலாவில் விறகு வைத்துக் கோக்கைப் பிடிக்கவிடுவார்கள். அதன்மேல் பிக் அயர்ன், ஸ்கிராப், சுண்ணாம்புக்கல், மறுபடி கோக் என்று அடுக்கு. மத்தியானம் மூன்று மணி வாக்கில் ப்ளோயரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் முதல் இரும்பு இறங்கும். அப்புறம் ஏழு, ஏழரை வரைக்கும் யாரும் உட்கார முடியாது. வாயைத் திறப்பது, லேடிலில் பிடிப்பது, களிமண் உருண்டையால் வாயை அடைப்பது, இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு ஓடுவது, பெட்டி பெட்டியாக ஊத்துவது. பெட்டியின் காற்றுத் துளைகளில் நீல நாக்கு எழும்பும்.

சூடு பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. மேஸ்திரி லேடிலுக்குள் எட்டிப் பார்ப்பார். "ஊத்து" அல்லது "பொறு". சிலசமயம் "திருப்பி ஊத்தீரு". அவ்வளவுதான். பம்பு உறையின் சுவர் மெல்லிசு. 1,380, 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் ஊத்தினால்தான் மூலை முடுக்கெல்லாம் இரும்பு ஓடி நிறையும். அந்த எண் எல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. நிறம்தான் கணக்கு. அந்தப் பார்வையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. எடுத்துக்கொண்டேன் என்று நம்பினேன். 1993-ல் அவர் ஊருக்குப் போய்விட்ட பிறகு என்னை மேஸ்திரி ஆக்கினார்கள், 1998-ல் போர்மேன். லேடிலை எட்டிப் பார்த்து "ஊத்து" என்று சொல்கிற ஆள் இப்போது நான். அந்த ஒரு சொல்லில் இருந்த போதை சாராயத்தில்கூட இருக்காது.

போர்மேன் ஆன புதிதில் எனக்கு ஒரு தலைவலி இருந்தது. சாயங்காலம் கடைசியில் ஊத்துகிற பெட்டிகளில் ரிஜெக்‌ஷன் அதிகம். விளிம்பு நிறையாமல் மொட்டையாக நிற்கும். இல்லையென்றால் இரண்டு பக்கமிருந்து ஓடிவந்த இரும்பு சேருமிடத்தில் ஒட்டாமல் ஒரு கோடு விழும். தண்ணீர் விட்டு அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் அந்தக் கோட்டில் வேர்க்கும். இதற்குக் கோல்டு ஷட் என்று பேர். இரும்பு ஆறிப்போய் ஊத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் பார்த்து, நல்ல சூடு என்று சொல்லி அனுப்பிய இரும்பு எப்படி ஆறும்? தூக்கிப்போகிறவன் ஆடி அசைந்து போகிறான், ஊத்துகிறவன் நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊத்துகிறான். நாள் முழுக்கக் குத்தவைத்து மண் குத்தினவனுக்கு ஏழு மணிக்குக் கை ஓயும், உண்மைதான். ஆனால் ஓய்ந்தால் நான் விட்டுவிடுவதா?

எங்கள் கூலி பெட்டிக் கணக்கு. ரிஜெக்ட் ஆன பெட்டிக்குக் காசு கிடையாது என்ற சட்டம் நான் கொண்டுவந்தது, முதலாளி சொன்னதல்ல. கூடவே இன்னொன்றும் செய்தேன். கெட்ட காஸ்டிங்கின் மேல் சாக்பீஸால் அதை வார்த்தவன் பெயரை எழுதி, போகிற வருகிறவர் பார்க்கும்படி வாசலோரம் வைத்தேன். மூன்றே மாதத்தில் பதிவேட்டில் ரிஜெக்‌ஷன் பாதிக்குக் கீழே இறங்கியது. முதலாளி என் தோளில் தட்டினார். எனக்கு ஒரு டிவிஎஸ் ஐம்பது வாங்கிக்கொடுத்தார்கள்.

வருடக் கடைசியில் அதே முதலாளி கணக்குப் புத்தகத்தோடு கூப்பிட்டார். உலைக்குப் போன இரும்பு இவ்வளவு, லாரியில் ஏறின காஸ்டிங் இவ்வளவு. நடுவில் ரன்னர், ரைசர், சிந்தினது எல்லாம் கழித்தாலும் சரிப்படவில்லை. கோக் செலவும் கூடியிருக்கிறது. "இரும்பு எங்கீங்க போகுது?" என்றார். திருட்டு என்றுதான் இரண்டு பேருக்கும் தோன்றியது. கேட்டில் ஆள் போட்டோம். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு ஊத்து நாள், வீட்டுக்குப் போவதுபோல வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஒன்பதரைக்குத் திரும்பி வந்தேன். பின்பக்கம் காஸ்டிங் சுத்தம் செய்கிற இடத்தில் சம்மட்டிச் சத்தம். நாலு பேர் நின்றார்கள். சாக்கு போட்டு மூடி, இன்னும் சூடு ஆறாத இரண்டு பம்பு உறைகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த துண்டுகள் அடுத்த ஊத்துக்கான ஸ்கிராப் குவியலில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. சம்மட்டி பிடித்திருந்த பையன் என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போடக்கூட மறந்து அப்படியே ஓங்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்.

இரும்பு வேலையில் இதுதான் வசதி. மரம் அறுத்துக் கெடுத்தால் கெட்ட மரம் மூலையில் கிடந்து காட்டிக்கொடுக்கும். தைத்துக் கெடுத்தால் துணி கிடக்கும். இங்கே தப்பை உடைத்து உலையில் போட்டால் நாளைக்கு அது நல்ல இரும்பு. தடயமே கிடையாது. ரிஜெக்‌ஷன் எங்கேயும் குறையவில்லை. என் கண்ணுக்குத் தெரியாமல் உருகிக்கொண்டிருந்தது. எது எதனால் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே சாட்சியையும் நானே மிரட்டி உலைக்குள் அனுப்பிவைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கத்த வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

சாக்பீஸை நிறுத்துவது சுலபமாக இருந்தது. கூலிப் பிடித்தத்தை நிறுத்த முதலாளியிடம் இரண்டு மாதம் மன்றாட வேண்டியிருந்தது. கடைசியில், மோல்டரின் குற்றம் என்று நிரூபணமானால் மட்டும் பிடிக்கலாம், மற்றதற்கெல்லாம் பாதிக் கூலியாவது உண்டு என்று ஒப்புக்கொண்டார். நான் ஒரு பழைய சர்ஃபேஸ் டேபிளை வாசலுக்கு உள்ளே போடச்சொன்னேன். கெட்ட காஸ்டிங் எதையும் ஒரு வாரத்துக்கு உடைக்கக்கூடாது. அந்த மேடைமேல் வைக்கவேண்டும். தேதி எழுதலாம், பெயர் எழுதக்கூடாது. ஊத்துக்கு மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் அதைச் சுற்றி நிற்பது. வேண்டுமென்றால் அறுத்துப் பார்ப்பது.

முதல் மாதம் மேடை காலி. யாரும் நம்பவில்லை. நம்புவார்களா? நான் எப்படிப்பட்ட ஆள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மேடைமேல் முதலில் நின்றது என் தப்புதான். அதுவும் நான் திட்டம்போட்டு வைத்ததல்ல. மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு லோடு திரும்பி வந்தது. துளை போடப் போட டிரில் ஒடிகிறதாம். ஓரத்தை உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை. இரும்பு வெளுத்து, கண்ணாடிபோல இறுகிவிட்டது. அது வராமலிருக்கத்தான் லேடிலில் ஃபெர்ரோசிலிக்கான் போடுகிறோம். போட்ட சில நிமிடங்களுக்குள் ஊத்திவிட வேண்டும், நேரம் ஆக ஆக அதன் வேலை செத்துப்போகும். அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பார்ட்டி ஒருவர் வந்திருந்தார். லேடிலை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு அவரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து வந்து "ஊத்து" என்றேன். வழக்கமாக அந்த லோடுக்கு நாலு மோல்டர்களின் பெயர் எழுதப்பட்டிருக்கும். மேடையைச் சுற்றி நின்றவர்கள் முன்னால், "இது என்னுது" என்றேன். எவ்வளவு நேரம் லேடில் நின்றது என்றும் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "பதினஞ்சு நிமிசம்ங்ணா. நீங்க பத்துன்னு சொல்றீங்க" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த வாரம் மேடைமேல் மூன்று காஸ்டிங் இருந்தன.

கோர் பிரிவில் எல்லோரும் பெண்கள். பம்பு உறைக்குள் தண்ணீர் சுற்றுகிற வழி இருக்கிறதே, அந்த வெற்றிடத்தை உண்டாக்குவது அவர்கள் கையால் செய்கிற மணல் கோர்தான். அப்போது எங்களிடம் எண்ணெய் கோர். மணலில் ஆளிவிதை எண்ணெய் பிசைந்து, பெட்டியில் அடித்து, அவன் அடுப்பில் வேகவைப்பது. வேகும்போது தெருவே மணக்கும். உறைகளில் உள்பக்கம் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. மண்ணில் ஈரம் கூடிவிட்டது என்று நான் மண்காரர்களைப் படுத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் அறுத்துவைத்த உறையை, டீ டம்ளர் எடுக்கவந்த கோர் அக்கா ஒருவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இது அவன்ல எடதுபக்கம் அடித்தட்டுல வெந்த கோருங்க" என்றார்.

"எப்படிக்கா சொல்றீங்க?"

"அந்த மூலைல சூடு ஏறாதுங்க. மத்ததெல்லாம் கருப்பட்டி நெறத்துக்கு வந்துரும். அதுல வெக்கறது மேல மட்டும் செவக்கும், உடச்சா உள்ள மஞ்சளாவே இருக்கும்."

"எத்தன நாளாக்கா?"

"ஆடில இருந்துங்க."

அப்போது தை முடியப் போகிறது. ஆறு மாதமாக நாற்பதடி தூரத்தில் விடை இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் முந்தானையால் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "எங்கள யாரு போர்மேன் ரூமுக்குள்ள விட்டாங்க" என்றார். கோபம் இல்லை, தகவல் மாதிரித்தான் சொன்னார். அன்று சாயங்காலமே அவன் அடுப்பைப் பிரித்தோம். புகைவழியில் செங்கல் சரிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அரை நாள் வேலை.

அதிலிருந்து காலைப் பத்து நிமிடத்துக்குக் கோர் பிரிவும் வந்தது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பதிவேட்டில் ரிஜெக்‌ஷன் ஏறியது, ஏனென்றால் இப்போது உண்மையை எழுதினார்கள். முதலாளிக்கு அந்த ஏற்றத்தை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. சாயங்கால கோல்டு ஷட் மட்டும் போகவே இல்லை. மேடையைச் சுற்றி நின்று எத்தனையோ பேசினோம். இரும்பு ஓடும் வழியைப் பெரிதாக வெட்டினோம், லேடிலை நன்றாகக் காயவைத்தோம், உலைக்குப் பக்கத்திலேயே பெட்டிகளை அடுக்கினோம். கியூபோலாவில் கடைசி இரும்பு கொஞ்சம் சூடு குறைந்துதான் வரும் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டோம். ஆட்களைத் திட்டுவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் மனதுக்குள், சாயங்கால ஊத்துக்காரர்கள் மந்தம் என்ற எண்ணம் அப்படியே இருந்தது.

2005-ல் இன்டக்‌ஷன் உலை வந்தது. புகைக்கட்டுப்பாடு இறுகியது, பார்ட்டிகள் இரும்பின் கலவையை எழுத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். கூடவே ஒரு டிப்ளமோ பையனும் வந்தான். என் மகன் வயசு. கார்பன் ஈக்விவேலன்ட் என்று பேசினான். நான் ஆப்பு வடிவத் துண்டு ஊத்தி, ஆறவைத்து உடைத்து, வெள்ளை எவ்வளவு ஆழம் என்று பார்த்துச் சொல்வதை அவன் கருவியில் மூன்று நிமிடத்தில் சொன்னான். அவன் கையில் ஒரு நீளக் கம்பி. நுனியில் அட்டைக் குழாய் செருகி உலைக்குள் முக்கினால் சில நொடிகளில் சூடு எண்ணாகத் தெரியும்.

முதல் நாள் நான் எட்டிப் பார்த்து, "நல்ல சூடு, ஆயிரத்து நானூறுக்குக் கொறையாது" என்றேன். அவன் முக்கினான். 1,352. "கருவீல கோளாறு இருக்கும்" என்றேன். அவன் புதுக் குழாய் மாட்டி மறுபடி முக்கினான். 1,349. ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் பரிதாபப்பட்டான்.

இரண்டு வாரம் உலைப் பக்கமே போகவில்லை. பிறகு எனக்கே தாங்கவில்லை. இருபது வருடப் பார்வை எவ்வளவு தேறும் என்று தெரிந்துகொண்டு சாகலாம் என்று ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். தேதி, நேரம், நான் சொன்னது, கருவி சொன்னது, வித்தியாசம். முதலில் நான் பார்த்து எழுதிவிட வேண்டும், பிறகுதான் அவன் முக்க வேண்டும். முக்கினபிறகு எழுதினால் ஏமாற்று. அந்தப் பையன் இதை ரசித்தான், "மாமா, இன்னைக்கு எவ்வளவு?" என்று விளையாட்டாகக் கேட்பான். நான் அவனுக்கு எப்போது மாமா ஆனேன் என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வித்தியாசங்களைக் கூட்டிப் பார்த்தேன். கூடுதலும் குறைவுமாகக் கலந்து கிடக்கும் என்று நினைத்தேன். கலக்கவில்லை. உச்சி வெயில் நேரத்தில் எல்லாம் கருவி என்னைவிடக் கூடக் காட்டியிருந்தது. விளக்குப் போட்டபிறகு எழுதினதில் எல்லாம் கருவி என்னைவிடக் குறைவு. முப்பது டிகிரி, நாற்பது டிகிரி, ஒருநாள் ஐம்பது.

அகல் விளக்கை மத்தியானம் ஏற்றிப் பாருங்கள், சாமத்தில் ஏற்றிப் பாருங்கள். அதே சுடர்தான். வெளியே வெளிச்சம் கொட்டும்போது உருகின இரும்பு மங்கலாகத் தெரியும். இருட்டில் அதே இரும்பு தகதகவென்று வெள்ளையாகத் தெரியும். பகலில் "பொறு, இன்னும் சூடு ஏறட்டும்" என்றிருக்கிறேன். கோக் வீணாகியிருக்கும், காஸ்டிங் தப்பித்திருக்கும். இருட்டில், ஆறின இரும்பைப் பார்த்து "ஊத்து" என்றிருக்கிறேன். ஆறு மணிக்குமேல் எங்கள் பவுண்டரியில் விழுந்த கோல்டு ஷட்டில் எத்தனை அந்த ஒரு சொல்லால் விழுந்ததோ. என்னுடைய மேஸ்திரி இதை எப்படிச் சமாளித்தார் என்று யோசித்தேன். அவர் லேடிலுக்குள் எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கையை நெற்றிக்குமேல் குடைபோலப் பிடித்துக்கொள்வார். இருட்டினால் பிடிக்கமாட்டார், கூடவே "பொறு" என்பது அதிகமாகும். நான் அதை வயசானவரின் தயக்கம் என்று நினைத்திருந்தேன். சொல்லித்தரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்கிற புத்தி எனக்குக் கிடையாது.

நோட்டை எடுத்துக்கொண்டு அன்னூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். சாயங்கால ஊத்துக்காரர்களில் மூத்தவர். கூலிப் பிடித்தம் தாங்காமல் 1999-ல் வேலையை விட்டுவிட்டு இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று கட்டிலை உதறிப் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சம், இருட்டு, நிறம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படிங்களா" என்றார். டீ வந்தது. எருமைக்கு மடிநோய் வந்ததைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினார். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், "கடசி வாரம் எனக்குப் புடிச்சது நாப்பத்திரண்டு ரூவாய்ங்க. உங்களுக்கு நெனப்பிருக்காது" என்றார். எனக்கு நினைவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றி, அந்த நினைப்புக்கே கூசிப்போய், வண்டியை எடுத்தேன்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளூர்ப் பையன்கள் பவுண்டரிக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் நான் இந்தி கற்றேன், அதுவும் பவுண்டரி இந்தி. மணலுக்கு அவர்கள் பாலு என்பார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பாலு உண்டு. முதல் வாரம் எல்லாம் ஒரே குழப்பம். காலைப் பத்து நிமிடம் மூன்று பாஷையில் நடந்தது. பாதி நேரம் கைஜாடைதான். அறுத்துவைத்த காஸ்டிங் எதிரில் இருந்தால் பாஷை அவ்வளவு தேவைப்படாது.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. ஜெனரேட்டரால் உலையை ஓட்ட முடியாது. உலையைச் சாய்க்கும் ஹைட்ராலிக்கும், காயிலுக்குப் போகும் தண்ணீர் மோட்டாரும் மட்டும் ஓடும். ஒருநாள் நான் கல்யாண வீட்டில் இருந்தேன். அரை டன் இரும்பு உருகி நிற்கும்போது கரண்டு போனது. உலையில் நின்றது ஒடிசாக்காரத் தம்பி. கால்மணி நேரம் பார்த்தான். அதற்குமேல் இரும்பு உள்ளேயே உறைந்தால் லைனிங் போய்விடும், உலை ஒரு வாரம் படுத்துவிடும். யாரையும் கேட்காமல் அரை டன்னையும் தரையில் வெட்டியிருந்த மணல் பள்ளத்தில் சாய்த்துக் கொட்டிவிட்டான். கொட்டி முடித்த ஐந்தாவது நிமிடம் கரண்டு வந்தது.

முதலாளிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உருக்கின மின்சாரம் முழுக்கப் பாழ். நான் வேட்டி சட்டையோடு ஓடிவந்து நடுவில் நின்றேன். "அஞ்சு நிமிசத்துல வரும்னு அவனுக்கு எப்படிங்க தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் உலைக்குப் பக்கத்துச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவைத்தோம்: கரண்டு போய்க் கால்மணி ஆனால் கொட்டிவிடு, யாரையும் கேட்காதே. ஒடியா எழுத்தை அந்தத் தம்பியே எழுதினான். சரியாக எழுதினானா என்று பார்க்க எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது வாரம் இரண்டு நாள் மட்டும் போகிறேன். போர்மேனாக இருப்பவன் அந்தப் பழைய டிப்ளமோ பையன். முன்மண்டை வழுக்கை விழுந்துவிட்டது. நோட்டு இன்னும் நடக்கிறது, எத்தனையாவது நோட்டு என்று எண்ணவில்லை. கருவி இருக்கும்போது கண்ணால் எதற்கு என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். அட்டைக் குழாய் தீர்ந்துபோன நாள் வரட்டும் என்பேன். வந்தும் இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் மூன்று மணி. சேர்ந்து நாலு மாதமே ஆன பீகார்ப் பையன் உலையோரம் நின்றான். "நீ மொதல்ல சொல்லு" என்றேன். அவன் எட்டிப் பார்த்தான், பிறகு அண்ணாந்து கூரை இடுக்கு வழியாக வெளியே பார்த்தான், மறுபடி உலையைப் பார்த்தான். 1,370 என்று எழுதினான். பயல் குறைத்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் 1,395 எழுதினேன். முக்கினான். 1,368.

"எப்படிடா?" என்றேன்.

"பாதல், சாச்சா" என்று விரலை மேலே காட்டினான். மழைமேகம் கட்டி வெளியே இருட்டிக்கொண்டு வந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

நோட்டை வாங்கி, என் எண்ணுக்கு நேரே 27 என்று எழுதினேன்.